ஒரே புட்டி, ஐந்து மூக்கு

பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே போஜொலே என்றொரு வட்டாரம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை, நள்ளிரவு தாண்டியதும், அந்த ஆண்டின் புது ஒயின் அங்கே விற்பனைக்கு வருகிறது. அதற்குப் பெயர் ‘போஜொலே நூவோ’. நூவோ என்றால் புதியது. செப்டம்பர் வாக்கில் கொடியில் தொங்கிய திராட்சை, இரண்டு, இரண்டரை மாதத்தில் கோப்பைக்கு வந்துவிடுகிறது. இப்படி முன்கூட்டியே விற்க 1951இல் முறையான அனுமதி கிடைத்தது. பிறகு நவம்பர் 15 என்று நாள் குறித்தார்கள். வார இறுதிக்கு வாகாக இருக்கட்டும் என்று 1985இல் அதை மூன்றாம் வியாழனாக மாற்றினார்கள்.

நண்பர்கள் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பருவத்தின் புது வரவுகளைச் சுவைக்கும்போது ஒரு விந்தை தவறாமல் நடக்கும். நூவோவை முகர்ந்த ஒருவர் வாழைப்பழம் என்பார், இன்னொருவர் ஸ்ட்ராபெரி என்பார். அடுத்த கோப்பையில் லியோனுக்குத் தெற்கே ரோன் பள்ளத்தாக்கில் விளைந்த ‘சிரா’ திராட்சையின் ஒயின். இதில் ஒருவருக்கு அப்போதுதான் இடித்த மிளகின் மணம் தூக்கலாக வரும். பக்கத்தில் இருப்பவர் ஐந்து முறை முகர்ந்தும் அப்படியொன்றும் இல்லையே என்று கோப்பையை வைத்துவிடுவார். ஆலையில் யாரும் வாழைப்பழத்தையும் போடவில்லை, மிளகையும் தூவவில்லை. இரண்டுமே திராட்சைச் சாறு நொதித்து வந்தவைதான்.

அப்படியானால் அந்த மணங்கள் எங்கிருந்து வந்தன? ஐந்து பேரில் யார் சொல்வது சரி? முதல் கேள்விக்கு வேதியியலில் விடை இருக்கிறது. இரண்டாவது கேள்வி அதைவிடச் சுவையானது. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும் அந்த மேசையே, சரியாக நடத்தினால், நல்ல அளவுகோலாகிவிடும்.

போஜொலே நூவோவின் கதை திராட்சைக்குள்ளேயே தொடங்குகிறது. வழக்கமாகச் சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைக் கசக்கித் தோல், விதை, சாறு எல்லாம் கலந்த கூழில் ஈஸ்ட்டை வேலை செய்ய விடுவார்கள். இட்லி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களைப் போலவே ஈஸ்ட்டும் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. ஒயினில் வாயு வெளியேறிவிட ஆல்கஹால் தங்குகிறது. போஜொலேயில் முறை வேறு. ‘கமே’ என்னும் திராட்சையைக் கையால் கொத்துக் கொத்தாகப் பறித்து, காம்போடு, நசுக்காமல் தொட்டியில் நிரப்புகிறார்கள். எடை தாங்காமல் அடியில் உள்ள பழங்கள் மட்டும் நசுங்கி நொதிக்கத் தொடங்கும். அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அது தொட்டியை நிறைத்து, மேலே முழுதாக இருக்கும் பழங்களை மூச்சு முட்ட வைக்கிறது.

பறித்த பழம் செத்த பொருளன்று. வெட்டிய வாழைத்தார் மூட்டம் போட்ட அறைக்குள் பழுப்பதே அது உயிரோடிருப்பதற்குச் சாட்சி. திராட்சையும் அப்படித்தான், கொடியைவிட்டு வந்த பின்னும் மூச்சு விடுகிறது. பிராணவாயு கிடைக்காதபோது அது வேறு வழிக்கு மாறுகிறது. ஈஸ்ட்டின் துணையே இல்லாமல், தன் செல்களுக்குள் இருக்கும் நொதிகளைக் கொண்டே சர்க்கரையில் கொஞ்சத்தை ஆல்கஹாலாக்கிக்கொள்கிறது. புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தின் ஒரு பெரும் பகுதியும் அதற்குள்ளேயே சிதைகிறது. பழத்துக்குள் ஆல்கஹால் 2 விழுக்காட்டை நெருங்கும்போது செல்கள் தாங்காமல் இறந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக் கடித்தால் தோல் விட்டுக்கொடுத்து, உள்ளே இலேசாக நுரைத்த சாறு நாக்கில் சுரீரென்று படும். பிறகு கொத்துகளைப் பிழிந்து, மிச்சச் சர்க்கரையை ஈஸ்ட்டிடம் ஒப்படைக்கிறார்கள். இந்த முறையைத் தமிழில் ‘கரியமில ஊறல்’ எனலாம்.

இது அறிவியலுக்குள் வந்தது ஓரளவு தற்செயலால்தான். கரியமில வாயுவில் வைத்த திராட்சைக்கும் காற்றில் வைத்த திராட்சைக்கும் சுவை மாறுகிறது என்று லூயி பாஸ்டர் 1872இலேயே குறித்திருந்தார். 1934இல் மிஷெல் ஃப்ளான்சி தலைமையிலான பிரெஞ்சு ஆய்வாளர்கள், தின்பதற்கான திராட்சையை அழுகாமல் காக்கக் கரியமில வாயு உதவுமா என்று பார்த்தார்கள். வாயுவில் வைத்த பழம் நொதித்து, விற்க முடியாத பண்டமாயிற்று. அதைப் பிழிந்து ஒயினாக்கிப் பார்த்தபோதுதான் பழமணம் மிகுந்த புது வகை கிடைத்தது. போஜொலே குடியானவர்கள் காலங்காலமாகக் கொத்தோடு தொட்டியில் கொட்டி வந்ததற்கு அப்போதுதான் விளக்கம் பிறந்தது.

இதற்கு இரண்டு விளைவுகள். தோலும் விதையும் சாற்றில் நெடுநாள் ஊறாததால் துவர்ப்பு குறைவு. அதனால்தான் மாதக்கணக்கில் பீப்பாயில் ஆற வைக்காமலே குடிக்க முடிகிறது, சற்றுக் குளிரவைத்தும் பரிமாற முடிகிறது. துவர்ப்பு மிகுந்த ஒயினைக் குளிர்வித்தால் அது இன்னும் முரடாகத் தெரியும். மற்றொரு விளைவு மணம்.

ஒயினில் ஏறத்தாழ 85 விழுக்காடு தண்ணீர், 12 அல்லது 13 விழுக்காடு ஆல்கஹால். எஞ்சிய சிறு பங்கில்தான் அமிலம், சாயம், துவர்ப்பு எல்லாம் அடக்கம். மணமூட்டும் சேர்மங்கள் பல நூறு இருந்தாலும் மொத்தமாகச் சேர்த்தால் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. அவற்றில் ஒன்று ஐசோஅமைல் அசிடேட். இது ‘எஸ்டர்’ குடும்பத்தைச் சேர்ந்தது. அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்து உண்டாகும் சேர்மங்களுக்கு எஸ்டர் என்று பெயர். பழவாசனைகளில் பெரும்பாலானவை இவைதாம். நொதிக்கும்போது ஈஸ்ட் ஐசோஅமைல் அசிடேட்டை உண்டாக்குகிறது. பழுத்த வாழைப்பழத்துக்கு மணம் தருவதும் இதுவே. எனவே நூவோவில் வாழைப்பழம் மணக்கிறது என்பவர் உவமை சொல்லவில்லை. அவர் மூக்கில் ஏறியது வாழைத்தாரில் இருக்கும் அதே மூலக்கூறுதான். தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களை உசுப்ப வெளிவிடும் எச்சரிக்கை வாசனையிலும் முதன்மையானது இதே சேர்மம் என்பது இயற்கையின் சிக்கனத்துக்கு ஒரு சான்று. கரியமில ஊறலின்போது உண்டாகும் எத்தில் சின்னமேட் என்ற இன்னோர் எஸ்டருக்கு ஸ்ட்ராபெரியும் இலவங்கப்பட்டையும் கலந்தாற்போன்ற மணம். வாழைப்பழம் என்றவரும் ஸ்ட்ராபெரி என்றவரும் ஒரே கோப்பையிலிருந்து வெவ்வேறு மூலக்கூறுகளைப் பொறுக்கியிருக்கிறார்கள்.

மிளகின் கதை இதைவிட நீளமானது. சிரா ஒயினில் மிளகு மணம் வருவது நெடுங்காலமாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் இதே திராட்சையை ‘ஷிராஸ்’ என்பார்கள். அங்கேயும் அதே பேச்சு. ஆனால் எந்தச் சேர்மம் அதைத் தருகிறது என்பது யாருக்கும் பிடிபடவில்லை. அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் 2008இல் விடையை வெளியிட்டார்கள்.

இத்தகைய தேடல் நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. ஒயினின் ஆவியை மிக நீண்ட மெல்லிய குழாய்க்குள் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு சேர்மமும் குழாய்ச் சுவரில் ஒட்டியும் விலகியும் தன் வேகத்தில் நகர்ந்து, வெவ்வேறு நேரத்தில் மறுமுனையை அடைகிறது. திருவிழாக் கூட்டம் குறுகலான சந்துக்குள் நுழைந்து ஒருவர் பின் ஒருவராக வெளியே வருவதைப் போல. மறுமுனையில் கருவி ஒன்று வருகையைப் பதிவு செய்கிறது. அதன் அருகிலேயே ஒரு மனிதர் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “இதோ புல், இதோ ரோஜா” என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறார்கள். கருவி பெரிதாகக் காட்டுவதற்கு மணமே இல்லாமல் போகலாம். கருவி கண்டுகொள்ளாத ஒரு கணத்தில் மூக்கு துள்ளி எழலாம். மிளகு மணம் இரண்டாவது வகை. அது இருந்த அளவு அவ்வளவு சொற்பம்.

அந்தச் சேர்மத்தின் பெயர் ரோட்டன்டோன். அது புதிய பொருளும் அன்று. வயல் வரப்பில் களையாக மண்டும் கோரையின் கிழங்கில் ஏற்கெனவே அறியப்பட்டதுதான். கோரையின் தாவரவியல் பெயர் ‘சைபெரஸ் ரொட்டுண்டஸ்’. சேர்மத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது. கோரைக்கிழங்கை நாட்டு மருந்துக்கும் குளியல் பொடிக்கும் இடித்துப் பழகிய தமிழ் வீடுகளுக்குப் பழக்கமான பொருள் ஒன்று, பிரெஞ்சு ஒயினின் புதிரை அவிழ்த்திருக்கிறது. பிறகு மிளகையே ஆராய்ந்தபோது அதில் ரோட்டன்டோன் ஒயினைவிடப் பல ஆயிரம் மடங்கு இருப்பது தெரிந்தது. மிளகின் காரத்துக்குப் பைபரின் காரணம் என்பது பழைய செய்தி. மிளகின் மணத்தில் இத்தனை முக்கியமான ஒன்று அதுவரை கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே ரோட்டன்டோனை மூக்கு உணர்ந்துவிடும். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளம் முழுக்க ஒயின் நிரப்பினால், அதை மிளகு மணக்கச் செய்ய இரண்டு அரிசியின் எடை போதும். ஒரு மணத்தை மனிதர் உணரத் தொடங்கும் இந்தக் குறைந்தபட்ச அளவை ‘நுகர்வெல்லை’ எனலாம்.

அந்த ஆய்வில் வந்த இன்னொரு முடிவுதான் ஐந்து நண்பர்களின் மேசைக்கு நேரடியாகப் பொருந்துவது. சோதனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர், தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் ரோட்டன்டோனை உணரவில்லை. மற்றவர்களுக்குத் தண்ணீரில் 8 நானோகிராமே போதுமாக இருந்தது. ஐந்நூறு மடங்கு கொடுத்தும் சிலருக்கு அங்கே ஒன்றுமில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்ட அந்த நண்பர் கவனக்குறைவானவர் என்றோ ரசனையற்றவர் என்றோ நினைப்பது பெரும் தவறு. அவர் ஒயினில் மட்டுமன்று, பொங்கலில் போட்ட மிளகிலும் அந்த மணத்தை அறியாமலே வளர்ந்திருக்கக்கூடும்.

இதற்கான காரணம் மூக்கின் கட்டமைப்பில் இருக்கிறது. மூக்கின் உச்சியில், கண்களுக்கு இடைப்பட்ட உயரத்தில், ஒரு சிறிய சவ்வு உண்டு. அங்குள்ள நரம்புச் செல்களின் மேல் ‘ஏற்பி’ எனப்படும் புரதங்கள் பதிந்திருக்கின்றன. மணமூலக்கூறு வந்து பொருந்தினால் செல் மூளைக்குச் செய்தி அனுப்பும். இந்த ஏற்பிகளுக்கான பெரிய மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் செயல்படும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். ஆர்மோனியத்தில் சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் எழும் கூட்டொலியைப் போல, எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து ஒலிக்கின்றன என்பதிலிருந்து மூளை மணத்தை அறிகிறது. ஆனால் எல்லார் ஆர்மோனியமும் ஒன்றல்ல. எந்த இருவரை எடுத்தாலும் அவர்களின் ஏற்பிகளில் 30 விழுக்காடு அளவுக்குச் செயல்பாட்டில் வேறுபாடு இருக்கும் என்று 2014இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

‘சுவை’ என்று சொல்லப்படுவதில் பெரும் பங்கு இந்த மூக்கின் வேலைதான். இதைக் காண ஆய்வகம் தேவையில்லை. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காய் மிட்டாயை வாயில் போட்டுச் சப்பினால் இனிப்பு மட்டும் தெரியும், ஏலக்காய் தெரியாது. விரலை எடுத்த மறுநொடி ஏலக்காய் வந்து நிற்கும். சளி பிடித்தவருக்கு மிளகு ரசத்தின் காரம் தொண்டையில் இறங்குவது தெரிவதும், ரசம் ‘சப்பென்று’ இருப்பதாகத் தோன்றுவதும் இதனால்தான்.

மூக்குக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முகரும்போது மணம் தெருவாசல் வழியாக, நாசித் துவாரங்களில் நுழைகிறது. மென்று விழுங்கும்போது வாயில் கிளம்பும் ஆவி, தொண்டைக்குப் பின்னால் ஏறி, மூச்சு வெளிவிடும் வேளையில் கொல்லைவாசல் வழியாக அதே சவ்வை அடைகிறது. தெருவாசலில் வந்ததை மூளை வெளியே இருக்கும் பொருளின் மணம் என்று கணக்கில் வைக்கிறது. கொல்லைவாசலில் வந்ததை வாயில் இருக்கும் உணவின் சுவை என்று எழுதிவிடுகிறது. உளவியலாளர் பால் ரோசின் 1982இல் இந்த இரட்டைத் தன்மையை எடுத்துக்காட்டினார். ஒயின் சுவைப்போர் கோப்பையைச் சுழற்றுவது தெருவாசலுக்காக. சுழலும்போது ஒயின் கண்ணாடியில் பரந்து கூடுதலாக ஆவியாகிறது. வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சிச் சலசலக்கச் செய்வது கொல்லைவாசலுக்காக. துப்பிவிட்டாலும் அந்த மணம் கிட்டும். சுவைப்பதே தொழிலாக இருப்பவர்கள் பக்கத்தில் துப்பும் கலம் வைத்திருப்பது இதனால்தான். நாலைந்து வகைக்கு மேல் விழுங்கிக்கொண்டே போனால் ஆல்கஹால் முதலில் மழுங்கடிப்பது அவதானிப்பைத்தான். உடலுக்கும் துப்புவதே மேல்.

சுழற்றிய பின் கோப்பையின் உட்சுவரில் வழியும் சொட்டுகளைப் பார்த்து ஒயினின் தரத்தைச் சொல்வோர் உண்டு. அது ஆதாரமற்றது. ஆல்கஹால் விரைவாக ஆவியாவதால் மெல்லிய படலத்தின் பரப்பு இழுவிசை மாறி, திரவம் மேலே இழுக்கப்பட்டுப் பின் சொட்டாகச் சரிகிறது. இதை ஜேம்ஸ் தாம்சன் 1855இலேயே விளக்கிவிட்டார். இது ஆல்கஹாலைப் பற்றிய செய்தி, அவ்வளவே.

துவர்ப்பின் கதை தனி. தமிழ் அறுசுவைக் கணக்கில் துவர்ப்புக்கும் கார்ப்புக்கும் இடம் உண்டு. நாக்கின் சுவை மொட்டுகளை ஆராயும் உடலியலில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. காரம் என்பது சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்புகளின் வேலை. துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வு. உமிழ்நீரில் வழுவழுப்பைத் தரும் புரதங்கள் உண்டு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்கள் அந்தப் புரதங்களைப் பிடித்துக் கட்டியாக்கிவிடுகின்றன. எண்ணெய் வற்றிய கீலைப் போல நாக்கும் கன்னமும் உராய்கின்றன. நாவல்பழம் தின்றவர் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்க்கும் அந்தச் சொரசொரப்புதான் இது. சுவையைப் பிரித்துக் காட்டும் ஆய்வு ஒருபுறம் இருக்க, வாயின் அனுபவம் முழுவதையும் பட்டியலிட்ட வகையில் அறுசுவைக் கணக்கு கூர்மையானது.

துவர்ப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: அது சேர்ந்துகொண்டே போகும். முதல் மிடறைவிட மூன்றாவது மிடறு கூடுதலாகத் துவர்க்கும், ஏனெனில் உமிழ்நீர் ஊறி ஈடுகட்ட நேரம் கிடைப்பதில்லை. எனவே சுவைக்கும் வரிசையே முடிவை மாற்றிவிடும். கனத்த சிராவை முதலில் குடித்துவிட்டு நூவோவுக்கு வந்தால் அது வெறும் சாறாகத் தோன்றும். மெலிந்ததிலிருந்து கனத்ததற்குப் போவதும், இடையில் ஒரு துண்டு ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொள்வதும் சம்பிரதாயம் மட்டுமில்லை.

இதுவரை சொன்னவற்றால், நண்பர்களின் கருத்து வேறுபாடு முழுக்க உடற்கூற்றின் வேறுபாடு என்று எண்ணத் தோன்றலாம். அது பாதி உண்மைதான். ஒரே மனிதரும் தன்னோடு தானே முரண்படுகிறார். கலிபோர்னியாவில் ஓய்வுபெற்ற பேராசிரியரும் சிறு ஒயின் ஆலை உரிமையாளருமான ராபர்ட் ஹாட்ஜ்சன், மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் 2005 முதல் சில ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தினார். நடுவர்களுக்கு வரிசையாக வரும் ஏறத்தாழ 30 கோப்பைகளில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை மூன்று இடங்களில் வைத்தார். நடுவர்களுக்கு அது தெரியாது. 2008இல் வெளியான முடிவின்படி, மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் கொடுத்தவர்கள் பத்தில் ஒரு பங்கினரே. பழகிய நடுவர்களின் நிலை இது. ஆகவே ஒரு நண்பர் ஒரு முறை சொன்ன மதிப்பெண்ணை வைத்து ஒயினையோ அவரையோ எடைபோடக் கூடாது.

வேறுபாடு இப்படி என்றால், ஒற்றுமையும் ஏமாற்றும். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களைக் கொண்டு கில் மோரோ, ஃப்ரெதெரிக் ப்ரோஷே, தெனி துபூர்தியு மூவரும் நடத்திய சோதனை 2001இல் வெளியாயிற்று. முதல் அமர்வில் ஒரு வெள்ளை ஒயின், ஒரு சிவப்பு ஒயின். மாணவர்கள் முகர்ந்து மணங்களை எழுதினார்கள். வெள்ளைக்குத் தேன், எலுமிச்சை போன்ற வெளிர்நிறப் பொருள்களின் பெயர்கள். சிவப்புக்குச் செர்ரி, கருந்திராட்சை போன்ற அடர்நிறப் பொருள்களின் பெயர்கள். அடுத்த அமர்வில் அதே வெள்ளை ஒயின் இரண்டு கோப்பைகளில். ஒன்றில் மட்டும் திராட்சைத் தோலின் மணமற்ற சிவப்புச் சாயம். அவரவர் எழுதிய சொற்பட்டியலையே கொடுத்து, ஒவ்வொரு மணமும் எந்தக் கோப்பையில் தூக்கல் என்று கேட்டார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்கள் பெருமளவில் சாயமிட்ட வெள்ளைக்குப் போயின.

இந்தச் சோதனையை ‘நிபுணர்களுக்கே சிவப்பும் வெள்ளையும் தெரியாது’ என்று திரித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது நியாயமன்று. பங்கேற்றவர்கள் மாணவர்கள், கேட்டது மணத்தைப் பற்றி மட்டும், இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி. சோதனை காட்டியது வேறு: மணத்துக்குச் சொல் தேடும்போது மூளை மூக்கை மட்டும் கேட்பதில்லை, கண் சொல்வதையும் சேர்த்துக்கொள்கிறது. நாவல்பழ ஊதாவைக் கண்டதும் கருநிறப் பழங்களின் பெயர்கள் முன்னால் வந்து நிற்கின்றன.

சொற்பஞ்சம் இதை இன்னும் கடினமாக்குகிறது. நிறத்துக்குப் பெயர்கள் உண்டு. மணத்துக்குப் பெரும்பாலும் அது வரும் பொருளின் பெயரே பெயர். மண்வாசனை, பழவாசனை என்றுதான் எந்த வீட்டிலும் பேசுகிறார்கள். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1980களில் உருவாக்கிய ‘மணச் சக்கரம்’ இந்தக் குழப்பத்துக்கு ஒரு மருந்து. நடுவில் பழம், பூ, மசாலா என்ற பொதுப் பிரிவுகள், வெளி வளையத்தில் இன்ன பழம், இன்ன பூ என்ற பெயர்கள். நேர்த்தி, கம்பீரம் போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. முகர்ந்து ஒப்பிடக்கூடிய பொருளின் பெயர் மட்டுமே உண்டு. வாழைப்பழம் என்று ஒருவர் சொன்னால் உண்மையான வாழைப்பழம் ஒன்றை மேசையில் வைத்து முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

நண்பர்களுடன் சுவைப்பதில் இன்னொரு சிக்கல், முதலில் பேசுபவர். சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய சோதனை நடத்தினார். உடனிருந்தவர்கள் முன்பே சொல்லிவைத்தபடி தவறான விடையைச் சொன்னபோது, உண்மையான பங்கேற்பாளர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், பிடிக்குள் சிக்காத மணத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆஷின் சோதனையில் ஒரே ஒருவர் கூட்டத்தோடு மாறுபட்டுப் பேசினாலும் மற்றவரின் சாய்வு வெகுவாகக் குறைந்தது. ‘எனக்கு மிளகு தெரியவில்லை’ என்று தயங்காமல் சொல்லும் நண்பர் மேசைக்குச் செய்யும் உதவி அதுதான்.

ஆகவே முறையாகச் சுவைக்க விரும்பும் குழுக்கள் புட்டிகளைக் காகிதத்தில் சுற்றி எண்ணிட்டு வைக்கின்றன. எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை, முகத்தைச் சுளிப்பதும் இல்லை. இரண்டு ஒயின்களுக்கு உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்க ‘முக்கோணச் சோதனை’ வைக்கலாம். மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். வெறும் ஊகத்தில் சரியாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு. ஐந்து பேரில் நான்கு பேரோ அதற்கு மேலோ ஊகத்தாலேயே சரியாகச் சொல்லிவிட 243இல் 11 வாய்ப்புதான், அதாவது நூற்றுக்கு ஐந்தும் தேறாது. அப்படிச் சொல்லிவிட்டால் ஒயின்கள் வேறு என்று ஓரளவு துணிவோடு நம்பலாம். இரண்டு பேர் மட்டும் சரியாகச் சொன்னால் அது நாணயம் சுண்டியதற்கு நெருக்கம். ஆயினும் அந்த இருவருக்கு மட்டும் உரிய ஏற்பி இருக்கிறதா என்பது, அவர்களைக் கொண்டே நாலைந்து முறை திரும்பச் செய்தால் விளங்கிவிடும். ஒவ்வொரு முறையும் பிடித்தால் மூக்கின் திறமை, ஒரு முறை பிடித்து மறுமுறை தவறினால் அதிர்ஷ்டம்.

குறைபாட்டைக் கண்டுபிடிப்பதிலும் பல மூக்குகள் உதவுகின்றன. கார்க் அடைப்பிலிருந்து வரும் டி.சி.ஏ. என்ற சேர்மம், லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயினை நனைந்த அட்டைப்பெட்டிபோல நாறச் செய்யும். இன்னும் குறைந்த அளவில் நாற்றம் தெரியாமலே பழமணம் மட்டும் மங்கிப்போகும். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் காட்டினார்கள். டி.சி.ஏ. மணம் உணரும் செல்களின் மின்குறிப்பையே அடக்கிவிடுகிறது. ‘இந்தப் புட்டி மட்டும் ஏனோ ஊமையாக இருக்கிறது’ என்று ஐந்து பேரில் ஒருவர் எழுதினாலும், அதே ஒயினின் மற்றொரு புட்டியைத் திறந்து ஒப்பிடுவது நல்லது.

புது ஒயினைப் புதிதாகவே சுவைக்க வேண்டும் என்பதற்கும் வேதியியல் காரணம் உண்டு. வாழைப்பழ எஸ்டரை நொதிக்கும் காலத்தில் ஈஸ்ட் தேவைக்கு மேல் உண்டாக்கி வைத்துவிடுகிறது. புட்டிக்குள் இருக்கும் தண்ணீரும் அமிலமும் அதை மெல்ல மெல்ல உடைத்து, மீண்டும் ஆல்கஹாலும் அமிலமுமாகப் பிரிக்கின்றன. சூடான இடத்தில் இது விரைவாக நடக்கும். நவம்பரில் வாங்கிய நூவோ புட்டிகளில் ஒன்றை எடுத்து வைத்து, அடுத்த கோடையில் அதே நண்பர்கள் அதே முறையில் சுவைத்தால் முன்பு எழுதிய தாளில் வாழைப்பழம் இருக்கும், கோப்பையில் இருக்காது. விளிம்பில் தெரிந்த நாவல்பழ ஊதா நிறமும் மங்கி, செங்கல் பக்கம் நகர்ந்திருக்கும்.